பந்து பறிபோன அடுத்த ஐந்து நொடி: ஃபுட்பால் மேனேஜரில் தாக்குதலையும் தடுப்பையும் சேர்த்துக் கட்டுவது எப்படி

ஃபுட்பால் மேனேஜர், நாமே மேலாளராக இருந்து ஒரு கால்பந்து அணியை நடத்துகிற கணினி விளையாட்டு. அதில் கோல் வாங்கியதும் நாம் முதலில் திட்டுவது சென்டர் பேக்கைத்தான், அதாவது நடுப் பின்கள வீரரை. மெதுவாக ஓடினான், ஆளை விட்டுவிட்டான், அடுத்த டிரான்ஸ்ஃபர் விண்டோவில் இவனை விற்றுவிட வேண்டும் என்று முடிவே எடுத்துவிடுவோம். அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். அந்தக் கோலின் ரீப்ளேயைப் பதினைந்து இருபது நொடி பின்னால் தள்ளி, நம் ஆள் பந்தைப் பறிகொடுத்த இடத்தில் நிறுத்துங்கள். நம்மவர்கள் எங்கெங்கே நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பல நேரம் இரண்டு ஃபுல்பேக்கும் (ஓரப் பின்கள வீரர்கள்) எதிரணி பாக்ஸுக்கு (கோலுக்கு முன்னாலுள்ள பெனால்டி பகுதி) பக்கத்தில் இருப்பார்கள், நடுக்களத்தில் இருக்க வேண்டியவர் ஸ்ட்ரைக்கருக்குத் துணையாக ஓடிப்போயிருப்பார், பாதி மைதானத்தைக் காக்க இரண்டே இரண்டு சென்டர் பேக் மட்டும் மிஞ்சியிருப்பார்கள். அந்த நிலையில் உலகத்திலேயே சிறந்த பின்கள வீரரை வைத்திருந்தாலும் கோல் விழத்தான் செய்யும்.

நான் பல சேவ்களை (சேமித்து ஆடிய ஆட்டத் தொடர்களை) இதே தவறால் வீணடித்திருக்கிறேன். அதில் கற்றுக்கொண்டது இதுதான்: சுதந்திரமான தாக்குதலா, ஒழுங்கான தடுப்பா என்பது மென்டாலிட்டி (அணி எவ்வளவு துணிந்து ஆட வேண்டும் என்பது) பட்டனை ஏற்றி இறக்குவதால் தீர்கிற கேள்வி இல்லை. பந்து நம் காலில் இருக்கும்போதே, இது பறிபோனால் யார் எங்கே நிற்பார் என்பதற்கு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோமா இல்லையா, அவ்வளவுதான் விஷயம். அந்த ஏற்பாடு சரியாக இருந்தால் முன்னால் நிற்பவர்களுக்கு எவ்வளவு சுதந்திரம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். அது இல்லாமல் எத்தனை ஆட்களைப் பின்னால் நிறுத்தினாலும் ஓட்டை ஓட்டைதான்.

முதலில் ஃபார்மேஷன்

ஃபுட்பால் மேனேஜர் 24 வரைக்கும் டாக்டிக்ஸ் திரையில் நீங்கள் அடுக்குகிற ஃபார்மேஷன், பந்து எதிரணியிடம் இருக்கும்போது உங்கள் அணி நிற்கப்போகிற வடிவம். தாக்கும்போது யார் எங்கே போவார்கள் என்பதை ரோலும் (வீரரின் வேலை வகை) டியூட்டியும்தான் (டிஃபென்ட், சப்போர்ட், அட்டாக் என்று அவர் எவ்வளவு ஏற வேண்டும் என்பது) தீர்மானிக்கும். இது தெரியாமல் ஆடுகிறவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள், அவர்களுடைய பாதிப் பிரச்சினை இங்கேயே தொடங்கிவிடுகிறது. முன்னால் நாலு பேரை அடுக்கினால் தாக்குதல் பலமாக இருக்கும் என்று நினைத்து 4-2-3-1 (பின்னால் நாலு, நடுவில் இரண்டு, அதற்கு மேல் மூன்று, முன்னால் ஒருவர்) வைக்கிறோம். உண்மையில் நாம் சொல்லிவைத்தது, தடுக்கும்போதும் இந்த நாலு பேர் மேலேயே நிற்கட்டும் என்பதைத்தான். அட்டாக்கிங் மிட்ஃபீல்டர் இறங்கி வந்து நடுக்களத்தை நிரப்புவார் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான், ஏனென்றால் அவருடைய இடம் அதுவல்ல என்று நாமே பலகையில் காட்டிவிட்டோம்.

அதனால் முதலில் தடுக்கும் வடிவத்தை முடிவு செய்யுங்கள். அப்புறம் அதிலிருந்து ஆட்களை முன்னால் அனுப்புங்கள். அந்த அட்டாக்கிங் மிட்ஃபீல்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவரை ஒரு வரிசை கீழே இறக்கி, சென்டர் மிட்ஃபீல்டில் அட்டாக் டியூட்டியோடு மெஸ்ஸாலாவாக (நடுக்களத்திலிருந்து முன்னேறித் தாக்குபவர்) வைத்துப் பாருங்கள். தாக்கும்போது அவர் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்து சேர்வார், ஆனால் பந்து போனதும் நடுக்களத்துக்குத் திரும்புவார். தாக்குதலில் பெரிதாக எதுவும் குறையாது, தடுப்பில் ஒரு ஆள் கூடுவார். விங்கர்களுக்கும் இதே கணக்குதான். அவர்களை நடுக்கள வரிசைக்கு இறக்கினால் உங்கள் ஃபுல்பேக்குக்கு முன்னால் ஒரு காவல் கிடைக்கும், மேலே வைத்தால் பந்தைப் பறித்ததும் பாய்கிற கவுன்டர் அட்டாக்குக்கு ஆள் கிடைப்பார். எது வேண்டும் என்று நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும், தற்செயலாக அமையக் கூடாது.

ஃபுட்பால் மேனேஜர் 26 ஆடுகிறவர்களுக்கு இந்த வேலை இன்னும் நேரடியானது. அதில் பந்து நம்மிடம் இருக்கும்போது ஒரு வடிவம், இல்லாதபோது ஒரு வடிவம் என்று இரண்டையும் தனித்தனியாக வைக்கலாம், வீரர்களுக்கும் அந்தந்த நிலைக்கு ஒரு ரோல் உண்டு. வசதிதான், ஆனால் இதில் வேறொரு அபாயம் இருக்கிறது. இரண்டு பலகையையும் அழகாக அடுக்கிவிட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு வீரர் ஓட வேண்டிய தூரத்தை மறந்துவிடுவோம். தாக்கும்போது இடது மூலையில் நிற்பவர் தடுக்கும்போது வலது நடுவில் நிற்க வேண்டும் என்று வைத்தால், அவர் வந்து சேர்வதற்குள் எதிரணி கோல் கொண்டாடிக்கொண்டிருக்கும். ஒவ்வொருவருக்கும் அந்த இரண்டு இடங்களை மனதில் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். நீளமான கோடுகள் ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம், அந்த நீளமான கோட்டில் இருப்பவருக்கு வேகமும் ஸ்டாமினாவும் இருந்தே ஆக வேண்டும்.

யாருக்குச் சுதந்திரம், யார் அதற்குக் காவல்

அடுத்து, உங்கள் அணியின் படைப்பாளி யார் என்று ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள். இரண்டு பெயர் வாயில் வந்தால் இன்னும் யோசியுங்கள். விஷன், பாஸிங், டெக்னிக், டிசிஷன்ஸ் (முடிவெடுக்கும் திறன்), கம்போஷர் (பதற்றமின்மை) என்று விளையாட்டு இருபதுக்குப் போடும் மதிப்பெண்கள் எல்லாம் அணியின் மற்ற ஆட்களைவிட உயரமாக இருக்கிறவர் அவர். ஃபிளேர் (துணிச்சலான வித்தை) மட்டும் 17, 18 என்று இருந்து டிசிஷன்ஸ் 9 ஆக இருப்பவரைப் படைப்பாளி என்று நம்பிவிடாதீர்கள், அவர் அழகாக ஆடி அசிங்கமான இடத்தில் பந்தைத் தொலைப்பார். அவரை விங்கில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே தொலைத்தால் சேதம் குறைவு.

ஏன் ஒரே பெயர் என்றால், பிளேமேக்கர் வகை ரோல்கள் எல்லாம் பந்தைத் தங்களை நோக்கி இழுப்பவை. மற்ற வீரர்கள் அவரைத் தேடித்தான் பாஸ் கொடுப்பார்கள். பின்னாலிருந்து பந்தைப் பிரிக்கிற ரெஜிஸ்டா ஒருவர், அட்வான்ஸ்டு பிளேமேக்கர் ஒருவர், முன்னால் சுற்றித் திரிகிற ட்ரெக்வார்டிஸ்டா ஒருவர் என்று மூன்று பேரை வைத்தால் தாக்குதல் மூன்று மடங்கு ஆகாது, பந்து இந்த மூவரிடையே சுற்றிக்கொண்டே இருக்கும், ஓடிப்போக வேண்டியவர்கள் எல்லாரும் காலடிக்குப் பந்து கேட்டு நிற்பார்கள். அதிகபட்சம் இரண்டு. அதுவும் ஒருவர் பின்னாலிருந்து தொடங்குபவர், இன்னொருவர் கடைசிப் பாஸ் கொடுப்பவர் என்று வேலை பிரிந்திருந்தால் மட்டும்.

பெயர் முடிவானதும், அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயரை எழுதுங்கள்: அவர் விட்டுப்போகிற இடத்தை நிரப்பப்போகிறவர். கால்பந்தில் படைப்பாளிகள் தனியாக வாழ்ந்ததே இல்லை. ஏசி மிலானில் பிர்லோ அத்தனை நிதானமாக நின்று பந்தைப் பிரித்துக்கொடுத்தார் என்றால் பக்கத்தில் கட்டுசோ ஓடிக்கொண்டிருந்தார், 2003லும் 2007லும் அந்த அணி சாம்பியன்ஸ் லீக் வென்றது. 2022 உலகக்கோப்பையில் மெஸ்ஸி பெரும்பாலும் நடந்தே ஆடினார், அவருக்காக டி பாலும் என்ஸோ ஃபெர்னாண்டஸும் மக் அலிஸ்டரும் ஓடினார்கள். நடுக்களக் காவலர் மெக்கலேலேவை 2003இல் செல்சிக்கு விற்ற பிறகு ரியல் மாட்ரிட் அணியில் நட்சத்திரங்கள் குறையவில்லை, ஆனால் அடுத்த மூன்று சீசனிலும் லா லிகா கையில் வரவில்லை. இவர் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவருடைய இடத்தைக் கடைசிவரை யாரும் நிரப்பவில்லை என்பது அந்த ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

விளையாட்டில் இந்த ஜோடியை அமைக்கும்போது ஒரு நுட்பம் இருக்கிறது. காவலுக்கு என்றதும் எல்லாரும் பால் வின்னிங் மிட்ஃபீல்டரைத்தான் எடுக்கிறார்கள். பெயரே ஆசைகாட்டுகிறது. ஆனால் அந்த ரோல் பந்தைத் துரத்திக்கொண்டு தன் இடத்தை விட்டுப் போகிற ரோல். ரெஜிஸ்டாவும் இடம் மாறுவார், பக்கத்தில் இருப்பவரும் துரத்திப் போவார் என்றால் சென்டர் பேக்குகளுக்கு முன்னால் வெட்டவெளி. சுற்றித் திரிகிற படைப்பாளிக்குப் பக்கத்தில் நகராத ஆள் வேண்டும்: ஆங்கர், அல்லது டிஃபென்ட் டியூட்டியில் ஒரு டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர். மாறாக, உங்கள் படைப்பாளியே டிஃபென்ட் டியூட்டியில் நிற்கிற டீப் லையிங் பிளேமேக்கர் என்றால், அப்போது பக்கத்தில் துரத்துகிற ஆளை வைக்கலாம். ஒருவர் நகர்ந்தால் ஒருவர் நிற்க வேண்டும். மைதானம் முழுக்க இந்த ஒரே விதியைப் பொருத்திப் பாருங்கள், சென்டர் பேக் ஜோடிக்கும்கூட.

பின்னால் ஐந்து

இப்போது எண்ணிக்கை. தாக்குதல் முழு வீச்சில் இருக்கும்போது, கோல்கீப்பரைத் தவிர, பந்துக்குப் பின்னால் ஐந்து பேர் இருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த ஐந்து பேர் 3-2 ஆகவும் நிற்கலாம், 2-3 ஆகவும் நிற்கலாம். 2022-23 சீசனில் மான்செஸ்டர் சிட்டி மூன்று கோப்பைகளை வென்றபோது, ஜான் ஸ்டோன்ஸ் பின்வரிசையிலிருந்து ஏறி ரோட்ரிக்குப் பக்கத்தில் நிற்பார், பின்னால் மூன்று, அதன் முன்னால் இரண்டு. டி ப்ரய்னா, ஹாலண்ட் வகையறா ஐந்து பேரும் பின்னால் திரும்பிப் பார்க்காமல் தாக்க முடிந்ததற்கு அந்த ஐந்து பேர்தான் காரணம். பந்தை இழந்தாலும் எதிரணியின் முதல் பாஸ் நடு வழியாகப் போக முடியாது, ஓரத்துக்குத்தான் போக வேண்டும். ஓரத்துக்குப் போனால் நேரம் ஆகும். அந்த நேரம் போதும், மற்றவர்கள் திரும்பிவிடுவார்கள்.

இதை உங்கள் அணியில் அமைக்க ரொம்ப சிக்கலான ரோல் எதுவும் தேவையில்லை. இரண்டு சென்டர் பேக், ஒரு ஃபுல்பேக் டிஃபென்ட் டியூட்டியில் அல்லது உள்ளே வருகிற இன்வெர்ட்டட் விங்பேக்காக, ஒரு ஆங்கர், அவர் பக்கத்தில் நடுக்களத்தில் ஒருவர் சப்போர்ட் டியூட்டியில் அதிகம் ஏறாமல். அந்த ஐந்தாவது ஆளுக்கு கரிலேரோ (பக்கவாட்டில் நகர்ந்து இடத்தை மூடுபவர்) நல்ல ரோல், பெரிதாக யாரும் கண்டுகொள்வதில்லை, ஆனால் ஏறிப்போன ஃபுல்பேக்கின் பக்கத்தை மூட அவரைப் போல யாரும் இல்லை.

இந்த ஐந்து போக மிச்சம் ஐந்து பேர் தாக்க இருக்கிறார்கள், அதில் ஒரு ஃபுல்பேக்கும் உண்டு. எந்தப் பக்கம் அவரை ஏற்றுவது என்பதை விங்கரை வைத்து முடிவு செய்யுங்கள். விங்கர் உள்ளே வெட்டி வருகிற இன்சைட் ஃபார்வர்ட் என்றால் அந்தப் பக்கம் ஓரம் காலியாகும், அங்கே ஃபுல்பேக் ஏறட்டும். மறுபக்கம் விங்கர் கோட்டை ஒட்டியே நிற்பவர் என்றால், அந்தப் பக்க ஃபுல்பேக் ஏற வேண்டிய அவசியமே இல்லை, ஏறினால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வார்கள். ஒரு பக்கம் தாக்க, ஒரு பக்கம் காக்க என்று அணி கொஞ்சம் சாய்ந்திருப்பதில் தவறே இல்லை. இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசை நிறைய பேரைக் கெடுக்கிறது.

பட்டன்கள்

மென்டாலிட்டி ஏழு படிகள். அது எவ்வளவு ஆபத்தை ஏற்றுக்கொள்வது என்பதைச் சொல்கிறது, கூடவே டெம்போ (ஆட்ட வேகம்), அகலம், தடுப்பு வரிசையின் உயரம் எல்லாவற்றையும் சேர்த்தே நகர்த்துகிறது. அட்டாக்கிங் வைத்துவிட்டு அதற்கு மேல் டெம்போவை ஏற்றி, லைனையும் ஏற்றி, பாஸை நேராக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் நீங்கள் நினைத்ததைவிட இரண்டு மடங்கு கூட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். நான் பாலன்ஸ்டு அல்லது பாசிட்டிவில் தொடங்குகிறேன், பத்து ஆட்டம் வரைக்கும் அதைத் தொடுவதில்லை.

‘பீ மோர் எக்ஸ்பிரசிவ்’ என்கிற கட்டளை பதினொரு பேருக்கும் சேர்த்து அவிழ்த்துவிடுவது. உங்கள் சென்டர் பேக்குக்கும் அது உண்டு. அணி முழுக்கத் திறமைசாலிகள் இருந்தால் ஒழிய அதைத் தொடாதீர்கள். ஒரே ஒருவருக்குச் சுதந்திரம் வேண்டுமென்றால் அதை அவருடைய ரோலிலும் தனிக் கட்டளையிலும் கொடுங்கள்: அவருக்கு மட்டும் அதிக ஆபத்தான பாஸ், அவருக்கு மட்டும் இடம் மாறும் உரிமை.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது செங்குத்து தூரம்தான், அதாவது நம் கடைசி வரிசைக்கும் முதலில் பிரெஸ் செய்யும் (எதிரணியை நெருக்கும்) ஆளுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பது. பயிற்சியாளர் அரிகோ சாக்கி மிலானில் அதை 25 மீட்டர் அளவுக்குள் வைத்திருக்க வேண்டும் என்று பயிற்சியில் விடாமல் வற்புறுத்தினார். 1987-88 சீரி ஆவை (இத்தாலியின் முதல் நிலை லீக்) அந்த அணி 30 ஆட்டத்தில் 14 கோல் மட்டும் வாங்கி வென்றது, அதுவும் குல்லிட் போன்றவர்கள் முன்னால் சுதந்திரமாக ஆடிய அணி. விளையாட்டில் இதற்கு இரண்டு கட்டளைகள்: டிஃபென்சிவ் லைன் (கடைசி வரிசையின் உயரம்), லைன் ஆஃப் எங்கேஜ்மென்ட் (பிரெஸ் தொடங்கும் இடம்). முன்னால் ஹை பிரெஸ் வைத்துவிட்டு, சென்டர் பேக் மெதுவானவர் என்று பயந்து லைனை மட்டும் கீழே இழுப்பது ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால். நடுவில் ஐம்பது மீட்டர் பொட்டல், எதிரணியின் நம்பர் 10 (அவர்களுடைய படைப்பாளி) அங்கே நின்று பாட்டுப் பாடலாம். சென்டர் பேக் மெதுவென்றால் லைனைக் கீழே இறக்குங்கள், சரி, ஆனால் பிரெஸ்ஸையும் மிட் பிளாக்குக்கு (நடு மைதானத்துக்கு) இறக்குங்கள். இரண்டும் சேர்ந்தே ஏற வேண்டும், சேர்ந்தே இறங்க வேண்டும்.

பந்து போனதும் கவுன்டர் பிரெஸ்ஸா (உடனே நெருக்கிப் பறிப்பது) ரீகுரூப்பா (பின்வாங்கி வடிவத்துக்குத் திரும்புவது) என்ற கேள்விக்கு விடை உங்கள் முன்கள ஆட்களிடம் இருக்கிறது. அவர்களுடைய வொர்க் ரேட், டீம்வொர்க், அக்ரெஷன், ஸ்டாமினா 13, 14க்குக் கீழே இருந்தால் கவுன்டர் பிரெஸ் அரைகுறையாகத்தான் நடக்கும், நாலு பேரில் இரண்டு பேர் மட்டும் ஓடினால் அந்த இருவரைத் தாண்டி ஒரே பாஸில் வெளியே வந்துவிடுவார்கள். இந்த எண்ணெல்லாம் நீங்கள் ஆடுகிற டிவிஷனைப் பொறுத்தது, கீழ் லீக்கில் 11 போதும்.

ஆட்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை

வீரரின் டிரெய்ட் (அவருக்கே உரிய ஆட்டப் பழக்கம்) பக்கத்தைத் திறந்து பார்க்காமல் டாக்டிக்ஸை முடிக்காதீர்கள். ஒரு சீசன் முழுக்க என் ஆங்கர் ஏன் இடத்தில் நிற்கவே மாட்டேன் என்கிறார் என்று புரியாமல் தவித்தேன், ரோலை மாற்றினேன், டியூட்டியை மாற்றினேன், கடைசியில் பார்த்தால் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் முன்னால் ஓடும் டிரெய்ட் அவருக்கு இருக்கிறது. அது உங்கள் கட்டளையைவிட ஆழமாக ஊறியது. பயிற்சியில் கொஞ்சம் கொஞ்சமாக மறக்கடிக்கலாம், மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அவரை வேறு இடத்தில் ஆட வையுங்கள். பின்னால் நிற்கப்போகிற அந்த ஐந்து பேருக்கும் பொசிஷனிங், ஆன்டிசிபேஷன், கான்சன்ட்ரேஷன் மூன்றையும் பாருங்கள். கான்சன்ட்ரேஷன் குறைந்தவர் எழுபது நிமிடம் பிரமாதமாக ஆடிவிட்டு எழுபத்தொன்றில் தூங்கிவிடுவார்.

ஆட்டத்தைப் பார்த்துத் திருத்துவது

முதல் ஐந்தாறு ஆட்டமாவது கீ ஹைலைட்ஸில் (முக்கியத் தருணங்கள் மட்டும்) ஓட்டாமல் எக்ஸ்டென்டட்டில் (நீண்ட காட்சிகள்) பாருங்கள். பந்து பறிபோகும் ஒவ்வொரு முறையும் நிறுத்தி, எண்ணுங்கள். ஐந்து இருக்கிறதா, நடு மூடியிருக்கிறதா. இரண்டு மூன்று ஆட்டத்தில் ஒரே ஓட்டை திரும்பத் திரும்பத் தெரிந்தால் மட்டும் மாற்றுங்கள், அதுவும் ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போய்விடும், அணியின் டாக்டிக்கல் ஃபெமிலியாரிட்டியும் (உத்தியோடு உள்ள பழக்கம்) குறையும். கோல் எண்ணிக்கையை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள், எதிரணிக்கு நாம் கொடுத்த எக்ஸ்ஜியையும் (வாய்ப்புகளின் தரப்படி எதிர்பார்க்கக்கூடிய கோல்) டேட்டா ஹப்பில் (புள்ளிவிவரப் பக்கம்) பாருங்கள். மூன்று கோல் வாங்கிய ஆட்டத்தில் எக்ஸ்ஜி 0.8 என்றால் அது துரதிர்ஷ்டம், உங்கள் வடிவத்தில் கை வைக்காதீர்கள்.

எதிரணி பத்துப் பேரையும் பாக்ஸில் நிறுத்திவிட்டால் மென்டாலிட்டியை ஏற்றத்தான் கை பரபரக்கும். டெம்போ ஏறினால் இருக்கிற இடத்தில் இன்னும் அவசரமாக இடித்துக்கொள்வீர்கள், தப்பிய பந்து ஒவ்வொன்றும் கவுன்டராகத் திரும்பும். நான் அப்போது மென்டாலிட்டியை ஒரு படி இறக்கி, அகலத்தைக் கூட்டுகிறேன். எதிரணி கொஞ்சம் வெளியே வரும், இடம் பிறக்கும். அந்த ஐந்து பேரில் ஒருவரை மட்டும் மேலே அனுப்பலாம், எதிரணி முன்னால் ஒரே ஆளைத்தான் விட்டு வைத்திருக்கிறது என்றால் மட்டும்.

முன்னிலையில் இருக்கும்போதோ டிரா போதும் என்னும்போதோதான் ரொம்ப தடுமாறுகிறோம். 1982 உலகக்கோப்பையில் இத்தாலிக்கு எதிராகப் பிரேசிலுக்கு டிரா போதும். ஸோக்ரட்டீஸ், ஜீகோ, ஃபல்காவ் என்று நான் பார்த்ததிலேயே அழகான நடுக்களம் அது. 68வது நிமிடத்தில் ஃபல்காவ் 2-2 ஆக்கினார், 74வது நிமிடத்தில் இத்தாலியின் ரோஸ்ஸி மூன்றாவதை அடித்தார், 3-2, பிரேசில் வெளியே. அந்த மூன்றாவது கோல் ஒரு கார்னரிலிருந்து வந்தது, ஆட்டத்தின் போக்கை மட்டும் குறை சொல்ல முடியாது, ஆனால் டிரா போதும் என்ற நேரத்திலும் அந்த அணி நிதானத்துக்கு மாறவே இல்லை. அதற்காக நேர் எதிராக வெரி டிஃபென்சிவுக்கு இறங்குவதும் மருந்தில்லை. பந்தை வெளியே அடிப்பார்கள், அது உடனே திரும்பி வரும், இருபது நிமிடம் முற்றுகை.

எனக்கு வேலை செய்வது இது: 75வது நிமிடத்தில் ஃபார்மேஷனையும் மென்டாலிட்டியையும் அப்படியே விடுங்கள். மெஸ்ஸாலாவை கரிலேரோ ஆக்குங்கள், அதற்குப் புதிய கால்களோடு ஒருவரை இறக்குங்கள். ஏறுகிற ஃபுல்பேக்கை சப்போர்ட்டுக்கு மாற்றுங்கள். டெம்போவை ஒரு படி குறையுங்கள். பின்னால் ஐந்து இருந்தது இப்போது ஆறு, சில நேரம் ஏழு. ஸ்ட்ரைக்கர், படைப்பாளி, வேகமான விங்கர் ஒருவர் என்று மூன்று பேர் மட்டும் மேலே இருக்கட்டும், அவர்களைத் தொடவே தொடாதீர்கள், ஏனென்றால் அவர்கள் அங்கே நிற்கிற வரைக்கும் எதிரணியும் தன் பின்வரிசையை மொத்தமாக மேலே அனுப்ப முடியாது. இந்த மாற்றங்களோடு ஒரு பிரதியை உங்கள் மூன்று டாக்டிக்ஸ் இடங்களில் இரண்டாவதில் முன்கூட்டியே சேமித்து வையுங்கள், வாரப் பயிற்சியில் அதுவும் சேர்ந்தே பழகிக்கொள்ளும், ஆட்டத்தின் நடுவே தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.